பக்கத்துலதான் இருக்கோம்

நஸ்ரின் எழுதிய ஒரு வாசகத்தை ஒரு நாளைக்கு ஒரு கோடிப் பேராவது படித்தார்கள். எழுதியது அவள்தான் என்பது அவளோடு வேலை பார்த்த நாலைந்து பேருக்கு மட்டுமே தெரியும்.

"வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம். எதுன்னாலும் கவலைப்படாதீங்க, நாங்க பக்கத்துலதான் இருக்கோம்."

இவ்வளவுதான் வாசகம். கூடம் என்ற செயலி அந்தக் காலத்தில் தமிழ் பேசுகிற எல்லோருடைய போனிலும் இருந்தது. கல்யாண வீட்டு குரூப், அப்பார்ட்மெண்ட் குரூப், ஒரே டாக்டரிடம் காட்டுகிறவர்களின் குரூப் என்று ஆளுக்குப் பத்து இருபது. எந்த குரூப்பிலாவது ஒருவர் புதிதாகச் சேர்ந்தால், ஏற்கெனவே இருக்கிறவர்களின் போனில் குடியிருக்கும் வரவேற்பி என்ற சின்ன நிரல் கண்விழிக்கும். போனுக்குச் சொந்தக்காரர் பேரில், அவர் பேசுகிற தோரணையிலேயே வந்தவருக்கு ஒரு வரவேற்பை அனுப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். சொந்தக்காரர் குளித்துக்கொண்டிருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம், அந்த குரூப்பில் தான் இருப்பதையே மறந்திருக்கலாம். வருஷங்களுக்கு முன் எப்போதோ 'சம்மதம்' என்று ஒரு பொத்தானைத் தொட்டிருப்பார். அதோடு சரி.

வரவேற்பு கிடைக்காதவர்கள் முதல் நிமிடத்திலேயே போய்விடுகிறார்கள் என்று கூடம் கம்பெனி கண்டுபிடித்திருந்தது. கிடைத்தவர்கள் வருஷக்கணக்கில் தங்கினார்கள். கோயம்புத்தூர் அலுவலகத்தில் தமிழ் வாசகப் பிரிவுக்கு நஸ்ரின்தான் தலைவி. 'பக்கத்துல' என்ற சொல்லை அவள் உள்ளே நுழைத்த மாதத்தில் தங்குகிறவர்களின் எண்ணிக்கை ஒரேயடியாக ஏறியது. தலைமை அலுவலகத்துக்கு அவளைக் கூப்பிட்டுக் கேக் வெட்டினார்கள். அந்தச் சொல்லில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். வாசலில் நிற்கிறவனை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி ஒரு சொல் என்று உக்கடத்தில் தன் தங்கையிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த வருஷம் கார்த்திகையில் வேதாரண்யம் பக்கம் புயல் கரையேறியது. காற்று விடிவதற்குள் அடங்கிவிட்டது. தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது. கடலும் வாய்க்கால்களும் ஒன்றாகி மருதங்காடு, நாவற்புலம், ஆயிரங்காடு என்று வரிசையாக ஊர்கள் மூழ்கின. செல்போன் கோபுரங்கள் சாய்ந்துவிட்டதால், மீட்புக்காரர்கள் வானத்தில் பலூன்களை ஏற்றி அவற்றின் மூலம் இணைப்புக் கொடுத்தார்கள். நூலிழை போன்ற இணைப்பு. குரல் போகாது, படம் போகாது, எழுத்து மட்டும் மெல்ல மெல்லப் போகும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை கூடத்தில் ஒரு மீட்பு குரூப்பைத் திறந்து, மாட்டிக்கொண்டவர்கள் அதில் சேர்ந்து இடத்தைச் சொல்லுங்கள் என்று ரேடியோவில் அறிவித்தது.

அன்று காலை நஸ்ரினின் மேசைக்கு ஒரு போன் வந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஜெயராணி என்கிற அதிகாரி. கம்பெனியில் எத்தனையோ எண்களுக்கு அடித்து, யாரோ 'தமிழ் சம்பந்தப்பட்டது' என்று நஸ்ரின் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"சிங்கப்பூர் முருகானந்தம்னு ஒருத்தர் பேர்ல மெசேஜ் அனுப்புனது உங்க கம்பெனியாங்க?" என்று கேட்டாள் ஜெயராணி.

நஸ்ரினுக்குப் புரியவில்லை.

"உப்பளத்துக் கொட்டகை ஒண்ணுல பதினோரு பேரு மாட்டியிருக்காங்க. தங்கராசுன்னு ஒருத்தரு காலையில குரூப்ல சேர்ந்தாரு. சேர்ந்து ரொம்ப நேரம் கழிச்சு அவருகிட்டேருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்துது. 'முருகானந்தம் பக்கத்துலதான் இருக்காராம், எங்களுக்குப் படகு வேணாம், மத்தவங்கள மொதல்ல பாருங்க'ன்னு. நான் அந்த முருகானந்தத்தத் தேடிப் புடிச்சுப் பேசிட்டேன். அவரு சிங்கப்பூர் ஜூரோங்ல தூங்கிக்கிட்டு இருந்திருக்காரு. அவரு எதுவுமே அனுப்பலங்கறாரு."

நஸ்ரின் நாற்காலியில் நிமிர்ந்தாள். எந்தக் கொட்டகை என்று கேட்டாள். அதுதான் தெரியவில்லை, அந்தப் பக்கம் உப்பளக் கொட்டகைகள் எக்கச்சக்கம், தங்கராசுக்கு எழுதினால் எதுவும் போய்ச் சேரவில்லை என்றாள் ஜெயராணி. அவர் ஒருவர் மட்டும் இல்லை. சேருகிறவர்கள் பெயர் திரையில் வருகிறது, அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வருவதில்லை. கிணற்றில் கல் போட்ட மாதிரி. இந்த வரவேற்பு எழவை முதலில் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நஸ்ரின் போனைக் கையில் பிடித்தபடியே கிரிதரனின் அறைக்குப் போனாள். வரவேற்பி நிரலைக் கட்டியவர்களில் இன்னும் கம்பெனியில் மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான். பொள்ளாச்சிக்காரன், அவளைவிட ஏழெட்டு வயது சின்னவன். விஷயத்தைக் கேட்டதும் மீட்பு குரூப்பைத் திரையில் விரித்துப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் சுருங்கியது.

"இந்த குரூப்ல மீட்புக்காரங்க நாப்பது பேருதான் இருக்காங்கக்கா. மத்ததெல்லாம் துபாய், சிங்கப்பூர், சென்னைன்னு சொந்தக்காரங்க. பதறிப்போய்ச் சேர்ந்திருக்காங்க. தண்ணிக்குள்ள இருந்து ஒருத்தர் சேர்ந்தா, இவங்க அத்தனை பேர் போன்ல இருந்தும் வாங்க வாங்கன்னு கிளம்புது. வரவேற்பு முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம். கம்பெனி ரூல் அது. அதெல்லாம் எறங்கி முடிக்கிற வரைக்கும் அவரு எழுதறது வெளிய வர முடியாது."

"எறங்க எவ்வளவு நேரமாகும்?"

"நம்ம ஆபீஸ்ல கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள. பலூன் லைன்ல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள இன்னும் பத்துப் பேர் சேர்ந்திருப்பாங்க. சார்ஜ் தீர்ந்துரும்."

சொந்தக்காரர்களை வெளியே போகச் சொல்லலாமே என்றாள் நஸ்ரின். ஜெயராணி அதைச் செய்து பார்த்திருந்தாள். ஒருவர் போனால் அஞ்சு பேர் வருகிறார்கள், போனவர் போய்விட்டார் என்கிற அறிவிப்பும் அதே நூலிழையில்தான் இறங்குகிறது. வரவேற்பியை நிறுத்தச் சொல்லும் அப்டேட்டைக் கிரிதரன் அப்போதே எழுதத் தொடங்கினான். ஆனால் அது பல நாட்டுப் போன்களுக்குப் போய்ச் சேர்ந்து, அவரவர் அதை ஏற்றுக்கொண்டு முடிய நாளை மதியம் ஆகிவிடும் என்றான். தண்ணீருக்குள் இருக்கிற போன்கள் சாயங்காலம் வரைகூடத் தாங்காது.

நஸ்ரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேரும்போது மட்டும் எந்த ஊர்ப் பலூன் என்று பெயரோடு காட்டும்; நாவற்புலத்திலிருந்து பிலோமினா என்று ஒருத்தி சேர்ந்திருந்தாள். அந்தப் பேருக்குக் கீழே நஸ்ரினின் சொந்த வாசகம் ஏணிப்படி போல் இறங்கிக்கொண்டே இருந்தது. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம். பக்கத்துலதான் இருக்கோம். பக்கத்துலதான் இருக்கோம்ணே. பக்கத்துலயேதான் இருக்கோம் தங்கச்சி. கேக் வெட்டிய அன்று வாயில் இருந்த இனிப்பு இப்போது நாக்கில் கசந்தது.

"இத நிப்பாட்ட வேற எதுவுமே இல்லையா கிரி? யோசிச்சுச் சொல்லு."

கிரிதரன் பழைய நிரலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். ஆரம்ப காலத்தில் போட்ட ஒரு விதி இன்னும் உள்ளே கிடக்கிறது. ஒருவர் சேர்ந்ததும் வரவேற்பி ஏழு விநாடி காத்திருக்கும். அதற்குள் நிஜமாகவே ஒரு மனிதர் கையால் தட்டி ஏதாவது எழுதிவிட்டால், மற்ற எல்லா வரவேற்பிகளும் வாயை மூடிக்கொள்ளும். மனிதர் பேசும்போது இயந்திரம் குறுக்கே பேசக் கூடாது என்று அப்போது யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த விதி வேலை செய்து அவன் பார்த்ததே இல்லை. ஏனென்றால் ஏழு விநாடிக்குள் எவரும் எழுதியதே இல்லை.

"காப்பி அடிச்சு ஒட்டுனா செல்லாதுக்கா. போன் தானா எடுத்துக் குடுக்கற வார்த்தையும் செல்லாது. ஒவ்வொரு எழுத்தா கையால தட்டணும்."

அடுத்த ஆள் சேரட்டும், முயன்று பார்ப்போம் என்றாள் நஸ்ரின். என்ன எழுதுவது என்பதில் விரல் நின்றது. 'வாங்க' என்றால் எங்கே வருவார்கள்? 'பயப்படாதீங்க' என்று சொல்ல அவள் யார்? இத்தனை வருஷம் சொற்களை எடைபோட்டே சம்பளம் வாங்கியவள். அன்றைக்குத்தான் ஒரு சொல்லுக்காக வியர்த்தாள். திரையில் ஆயிரங்காட்டிலிருந்து சுல்தான் என்று ஒரு பெயர் எழுந்தது. அவள் கை, போனை எடுத்ததும் வாய் தானாகச் சொல்கிற சொல்லை அடித்தது.

"சொல்லுங்க."

இருவரும் எண்ணினார்கள். ஏழு தாண்டியது, எட்டு தாண்டியது. எந்த வாங்கவும் வரவில்லை. திரை வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையில் சுல்தானின் எழுத்துகள் வந்தன.

"மதரசா மாடி. 14 பேரு. ஒரு பொம்பளைக்கு வலி எடுத்துட்டு."

ஜெயராணி அந்தப் பக்கத்திலிருந்து உடனே ஒரு படகைத் திருப்பினாள். கிரிதரன் தன் மேசையில் கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். நஸ்ரின் அதற்குள் எழுந்து நடந்துகொண்டிருந்தாள். அவர்கள் இரண்டு பேர் தட்டி மாளாது. ஆட்கள் வேண்டும், நூற்றுக்கணக்கில். அவர்களைக் கூப்பிட வேண்டுமானால் ஏன் கூப்பிடுகிறோம் என்று ஊருக்குச் சொல்லியாக வேண்டும்.

அலுவலகத் தலைவி வைதேகி எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டாள். கெட்டவள் இல்லை. ஊழியர்களின் பிள்ளைகளுக்கு எந்த ஸ்கூலில் இடம் கிடைத்தது என்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிறவள். வக்கீல்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன், ஒரு மணி நேரம் கொடு என்றாள். நேரம் இல்லை என்று நஸ்ரின் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உனக்குக் கிடைச்ச வரவேற்பை எல்லாம் மெஷின்தான் போட்டுச்சுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொல்லப்போறோம், நஸ்ரின். புருஷன் செத்தப்புறம் ஏதோ ஒரு குரூப்ல சேர்ந்தவங்க, புள்ள இல்லாதவங்க, எல்லார்கிட்டயும். அப்புறம் கூடத்துல வர்ற ஒரு வார்த்தையையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"நம்புனதாலதான் மேடம் பதினோரு பேரு கொட்டகையில உக்காந்திருக்காங்க."

வைதேகி வக்கீல்களை அழைக்கப் போனை எடுத்தாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. நஸ்ரின் தன் இடத்துக்கு வந்து, தலைமுடியைக்கூடச் சரிசெய்யாமல், தன் சொந்தப் பெயரில் கூடத்தின் நேரலையைத் திறந்தாள்.

அவள் பேசியது மூன்று நிமிடம் இருக்கும். 'பக்கத்துலதான் இருக்கோம்' என்ற வாசகத்தை எழுதியது தான்தான் என்றாள். அதை இத்தனை காலமாக மனிதர்கள் யாரும் அனுப்பவில்லை, அவரவர் போன்தான் அனுப்பியது என்றாள். இப்போது அது தண்ணீரில் நிற்கிறவர்களின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பிறகு வேண்டியதைக் கேட்டாள்.

"இத்தனை வருஷமா உங்க பேர்ல உங்க போன் பேசிச்சு. இன்னைக்கு ஒரு நாள் நீங்க பேசணும். புதுசா ஒருத்தர் சேர்ந்த உடனே, ஏழு எண்றதுக்குள்ள, 'சொல்லுங்க'ன்னு கையால தட்டணும். அவ்வளவுதான். உங்களால முடியும்னா இப்பவே வாங்க."

முதலில் திட்டுதான் வந்தது. என் அம்மா செத்தப்ப ஒரு குரூப்ல சேர்ந்தேன், இருநூறு பேர் கவலைப்படாதீங்கன்னு சொன்னீங்களே, அதுவும் இதானா என்று ஒருவர் கேட்டிருந்தார். நஸ்ரின் ஆமாம் என்று பதில் எழுதினாள். அந்த மனிதர் கொஞ்ச நேரம் கழித்து, சரி நான் என்ன செய்யணும் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வந்தார்கள். ஈரோட்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் ஒருவர் டெப்போவுக்குப் போனதும் வந்தார். தேனியில் ஒரு கல்லூரி விடுதிப் பெண்கள் மொத்தமாக வந்தார்கள். மலேசியாவில் ஒரு சலூன்காரர், மதுரையில் ஒரு நோட்டரி வக்கீல், காது கேளாதோர் சங்கத்தைச் சேர்ந்த முப்பது பேர். அந்த முப்பது பேரின் விரல்களுக்கு ஈடுகொடுக்க வேறு யாராலும் முடியவில்லை. ஜூரோங்கிலிருந்து முருகானந்தமே வந்தார். தூக்கமே வரவில்லை என்று மட்டும் எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் அது இன்னொரு விபரீதமாகிவிட்டது. மருதங்காட்டிலிருந்து ஒருவர் சேர, அறுநூறு பேர் ஒரே சமயத்தில் 'சொல்லுங்க' என்றார்கள். இயந்திரம் வாயை மூடியது, மனிதர்கள் அந்த நூலிழையை அடைத்தார்கள். கிரிதரன் தலையில் கைவைத்துக்கொண்டான். எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று நஸ்ரின் எழுதுவதற்குள், அன்று காலையிலேயே குரூப்பில் சேர்ந்திருந்த சத்யகலா என்ற பெயரில் ஒரு செய்தி வந்தது.

"ஊர ஆளுக்கு ஆளு பிரிச்சுக் குடுங்க. ஒரு ஊருக்கு மூணு பேரு போதும். மருதங்காடு நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு எளிய யோசனை என்று நஸ்ரினுக்குத் தோன்றியது. வந்திருந்தவர்களை ஊர் ஊராகப் பிரித்தாள். மிஞ்சியவர்களைக் கைமாற்று ஆட்களாக வரிசையில் வைத்தாள். தேனிப் பெண்களுக்கு நாவற்புலம் போயிற்று. காது கேளாதோர் சங்கம் ஆள் அதிகமாகச் சேருகிற ஆயிரங்காட்டை எடுத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஒரு பெயர் எழும், ஒரே ஒரு 'சொல்லுங்க' போகும், இடமும் ஆள் கணக்கும் வரும், ஜெயராணியின் படகு திரும்பும். கால் உடைந்த ஒரு போஸ்ட்மேன், கைக்குழந்தைகளோடு மூன்று தாய்மார், கல்யாண மண்டபத்து மாடியில் மாப்பிள்ளை வீடு மொத்தமும். மதரசா மாடியில் படகு போய்ச் சேருவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று சுல்தான் எழுதினார்.

வைதேகி வந்து நின்றதை நஸ்ரின் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. வக்கீல்கள் என்ன சொன்னார்கள் என்று நஸ்ரின் கேட்டபோது, அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்த ஊருக்கு ஆள் குறைவு என்று கேட்டாள்.

எல்லாம் நன்றாகப் போனது, தங்கராசு ஒருவரைத் தவிர. அவர் காலையிலேயே சேர்ந்து, வரவேற்கப்பட்டு, நம்பிக்கையோடு உட்கார்ந்துவிட்டவர். அவராகத் திரும்ப எழுதப்போவதில்லை. வழி இப்போது திறந்திருந்ததால் அவருக்கு எழுதினால் போய்ச் சேரும். யாராவது அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வேலையை நஸ்ரின் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

"தங்கராசு அண்ணே, உங்க பக்கத்துல யாரும் இல்ல. முருகானந்தம் சிங்கப்பூர்ல இருக்காரு. உங்களுக்கு வந்தது அவரு எழுதுனது இல்ல, அவரு போன் தானா அனுப்புனது. நான் கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன். எந்தக் கொட்டகைன்னு சொல்லுங்க, படகு அனுப்பறோம்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். தங்கராசு வெகுநேரம் கழித்துத்தான் பதில் எழுதினார். "நீ சொல்றத மட்டும் எப்புடி நம்பறது?"

நியாயமான கேள்வி. ஊருக்கே நம்பும்படி வாசகம் எழுதிக் கொடுத்தவள், ஒரு மனிதரை நம்பவைக்க ஒரு வரியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது முருகானந்தம் அந்த உரையாடலுக்குள் வந்தார். அவர் தன் கையால் எழுதினார், எழுத்துப் பிழைகளோடு.

"தங்கராசு, நான் வரல. நான் வர முடியாத தூரத்துல இருக்கேன். என் பேர்ல வந்தது பொய். உன் தம்பி கூடப் படிச்சவன் சொல்றேன், கோவத்த அப்பறம் வச்சுக்க. எந்தக் கொட்டாயின்னு சொல்லு."

"பழைய கம்பெனிக் கொட்டாயி. ஓடு பாதி போயிட்டு. பனமரம் ரெட்டையா நிக்கும் பாரு, அதுக்குத் தெக்கால" என்று வந்தது.

படகு போய்ச் சேர்ந்த கதையை நஸ்ரினுக்கு ஜெயராணி பிறகு போனில் சொன்னாள். பதினொருவரும் ஒரே உத்தரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். கடைசி ஆளாகத் தங்கராசு படகில் கால் வைத்துக் கொஞ்ச தூரம் வந்ததும், கொட்டகை மெதுவாக ஒருக்களித்துப் படுத்ததாம். கரைக்கு வந்தபிறகு தங்கராசு படகுக்காரரின் வயர்லெஸ்ஸை வாங்கி, அந்தக் கோயம்புத்தூர்க்காரப் பெண்ணின் பெயர் என்ன என்று ஜெயராணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

வெயில் சாயும்போது திரையில் புதுப் பெயர்கள் எழுவது குறைந்துவிட்டது. மதியம்வரை நொடிக்கு நொடி எழுந்தவை இப்போது எப்போதாவது ஒன்று என்றாயின. ஜெயராணியின் குரலில் முதல்முறையாகக் களைப்புத் தெரிந்தது. களைப்படைய நேரம் கிடைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். தேனியில் யாரோ பாட்டுப் போட்டார்கள். நஸ்ரினைச் சுற்றி அலுவலகமே நின்றுகொண்டிருந்தது. கணக்குப் பிரிவுக்காரர்கள்கூட விரல்களை உதறிக்கொண்டு சிரித்தார்கள். கூடம் தன் வரவேற்பியை அடுத்த மாதமே எடுத்துவிட்டதும், தலைமை அலுவலகம் நஸ்ரின்மேல் நடவடிக்கை எடுக்கப் பார்த்து, வைதேகி நடுவில் நின்று அது நமுத்துப் போனதும், நஸ்ரின் தானாகவே வேலையை விட்டதும் பிற்பாடு நடந்தவை. அன்று சாயங்காலம் அதைப்பற்றியெல்லாம் யாரும் நினைக்கவில்லை.

கிரிதரன் மட்டும் சிரிக்காமல் எதையோ நோண்டிக்கொண்டிருந்தான்.

"மருதங்காட்டுல ஒருத்தரையும் நாம தவற விடலக்கா. அந்த சத்யகலா பதில் மட்டும் எல்லாருக்கும் முன்னாடி போய்ச் சேருது. காது கேக்காதவங்க சங்கத்தவிட வேகம். அவங்க விரல் அவ்வளவு வேகமான்னு பாத்தேன். இல்ல. சாதாரணமாத்தான் தட்டறாங்க."

"அப்புறம் எப்படி?"

"மருதங்காட்டு ஆளுங்களுக்குப் போற அவங்க மெசேஜ் பலூனுக்கு ஏறவே இல்ல. நமக்கு வர்ற காப்பி மட்டும்தான் ஏறுது." அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "போன்ல இருந்து பக்கத்துப் போனுக்கு நேராப் போகுது. அது வெளியில இருந்து உள்ள போகலக்கா. உள்ளேருந்தே போகுது."

நஸ்ரின் அந்தப் பெயரையே பார்த்தாள். காலையிலிருந்து ஒன்றாக வேலை செய்திருக்கிறார்கள். அந்தப் பெண் எந்த ஊர், எங்கே உட்கார்ந்து எழுதுகிறாள் என்று ஒருமுறைகூட யாரும் கேட்கவில்லை. நஸ்ரினும் கேட்கவில்லை.

அவள் எழுதினாள். "அக்கா, நீங்க எங்க இருக்கீங்க? சொல்லுங்க."

பதில் சாவகாசமாக வந்தது.

"மருதங்காடு தண்ணித்தொட்டி மேல. பஞ்சாயத்துல தொட்டி ஆபரேட்டரு நான். காத்து நின்னதும் தொட்டியப் பாக்க ஏறுனேன். ஏறுனப்பறம் தண்ணி வந்து ஏணி பாதி போயிட்டு. மேல சோலார் தகடு கெடக்கு, போனுக்கு சார்ஜ் இருந்துது."

ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்று நஸ்ரின் கேட்டாள்.

"சொல்லத்தான் சேர்ந்தேன். முன்னூறு பேரு வாங்க வாங்கன்னாங்க. ஒருத்தரும் என்னா வேணும்னு கேக்கல. சரி, இங்க கேக்க ஆளில்லன்னு விட்டுட்டேன். அப்பறம் நீங்க வந்து 'சொல்லுங்க'ன்னு எழுதுனிய. அதுக்குள்ள எங்க ஊரு சனம் ஒவ்வொண்ணா சேர ஆரம்பிச்சிட்டு. எனக்கு மேல ஆபத்து இல்ல, எறங்கத்தான் வழி இல்ல. அதுங்களப் பாத்துக்கிட்டு இருந்ததுல நேரம் போனது தெரியல."

நஸ்ரின் அதைச் சத்தமாகப் படித்தாள். வைதேகி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கிரிதரன் ஏற்கெனவே ஜெயராணிக்கு அழைத்துவிட்டிருந்தான்.

தங்கராசை ஏற்றி வந்த அதே படகுதான் போயிற்று. அது மருதங்காட்டை நெருங்குவதைக் கட்டுப்பாட்டு அறை வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தது, ஜெயராணி போனை அதன் பக்கத்தில் வைத்திருந்ததால் கோயம்புத்தூரிலும் கேட்டது. தொட்டி தெரிகிறது என்றார்கள். மேலே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். கயிற்று ஏணியை வீசிவிட்டோம் என்றார்கள். ஈரோட்டிலும் தேனியிலும் ஜூரோங்கிலும் எல்லோரும் ஒரே செய்திக்காகக் காத்திருந்தார்கள். செய்தி வரவில்லை. ஒரு நிமிடம், இன்னொரு நிமிடம்.

பிறகு வயர்லெஸ்ஸில் படகுக்காரரின் குரல் சலிப்போடு வந்தது.

"அக்கா எறங்க மாட்டேங்குது. யாரோ புதுசா சேர்ந்திருக்காங்களாம். ஒரு நிமிசம் இருங்கங்குது."

நஸ்ரின் திரும்பித் திரையைப் பார்த்தாள். மருதங்காட்டிலிருந்து ஒரு புதுப் பெயர் எழுந்திருந்தது. பழக்கத்தில் அவள் விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. அதற்குள், அவள் முதல் எழுத்தைத் தொடுவதற்கு முன்னால், பெயருக்குக் கீழே அந்த ஒற்றைச் சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. நஸ்ரின் வாய்விட்டுச் சிரித்தபடி கையை எடுத்துக்கொண்டாள். படகைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள் என்றாள் ஜெயராணியிடம்.